அம்பாசடர் மக்கர் செய்தால்: கைக்குக் கிடைத்ததை வைத்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை காரை வைத்து மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் செய்யத் தொடங்கி, 2014-ல் நின்றுபோன வண்டி அம்பாசடர். இங்கே நான் எழுதுவது அதில் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும், பாயிண்ட் (கரண்டைத் திறந்து மூடும் தொடுமுனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டரும் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடுவது) உள்ள பழைய மாடல்களுக்கு. டீசலுக்கும், பின்னால் வந்த இசுசு இன்ஜினுக்கும் இதில் பாதி பொருந்தாது.

இந்த வண்டிக்குச் சில்லறை வித்தைகள் ஏராளம். சோப்பு, மஞ்சள் தூள், சைக்கிள் டியூப், கட்டுக்கம்பி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அவற்றை நான் மூன்றாகப் பிரித்துத்தான் பார்ப்பேன்: கோளாறைக் கண்டுபிடிக்க உதவுவது, வீடு வந்து சேர உதவுவது, நிரந்தரமாக நிற்பது. வீடு சேரக் கட்டிய கட்டை ஆறு மாதம் அப்படியே விட்டு வைப்பதால்தான் நல்ல வண்டிகள் கெட்டுப்போகின்றன. அதனால் கீழே ஒவ்வொரு வித்தையும் எந்த வகை என்று சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு டெஸ்ட் லைட் செய்துகொள்ளுங்கள். 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்று, அதற்கு ஹோல்டர், இரண்டு முழ ஒயர் இரண்டு. ஒரு ஒயரின் முனையில் முதலை கிளிப், இன்னொன்றின் முனையில் கோணி ஊசி. ஊசியின் கைப்பிடிப் பக்கம் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் போதும். பாதிக்கு மேற்பட்ட கரண்ட் கோளாறுகளை இதுவே காட்டிக்கொடுக்கும். மீட்டரைவிட இதை நான் நம்பக் காரணம் உண்டு. அறுந்துபோன ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். பல்போ கரண்ட் இழுக்கும், அதனால் தொடர்பு மோசமாக இருந்தால் மங்கலாகத் தெரிந்துவிடும்.

இன்னொன்று. மிகப் பழைய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். எதைத் தொடும் முன்னும் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்துவிடுங்கள்.

சாவி போட்டால் "டக்" என்று மட்டும் சத்தம், ஸ்டார்ட்டர் சுற்றவில்லை

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். வெளிச்சம் அப்படியே சுருங்கி அணைந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை என்றால் கரண்ட் ஸ்டார்ட்டருக்கே போகவில்லை; சோலனாய்டு (ஸ்டார்ட்டருக்குக் கரண்டை விடும் ரிலே), சுவிட்ச் பக்கம் பார்க்க வேண்டும். வெளிச்சம் மங்கி, ஸ்டார்ட்டரும் திணறினால் அதன் பல் ஃப்ளைவீலில் சிக்கியிருக்கலாம். சாவியை அணைத்து, வண்டியை டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் பெரும்பாலும் விடுபடும். விடாவிட்டால் ஸ்டார்ட்டரின் பின்முனையில் சதுரமாக ஒரு தண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய லூகாஸ் வகை ஸ்டார்ட்டர்களில் அதற்காகவே வைத்திருப்பார்கள். ஸ்பேனர் போட்டுத் திருகினால் பல் பின்வாங்கும்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சுடுதண்ணீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றுங்கள். பொங்கி அடங்கியதும் கழுவித் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மாட்டிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். இது நிரந்தர வைத்தியம். பேட்டரி மூடிக்குள் மட்டும் சோடாத் தண்ணீர் இறங்கக் கூடாது.

டெர்மினல் சுத்தமாக இருந்தும் ஸ்டார்ட்டர் சோம்பிச் சுற்றினால், இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிளோ ஆக்ஸிலேட்டர் கேபிளோ சூடானால் வேறு சாட்சி வேண்டாம். எர்த் வழியில்லாமல் கரண்ட் அந்தக் கேபிள் வழியாகப் போகிறது. ஜம்பர் கேபிளின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைப் பாடியிலும் கடிக்கவிட்டுப் பாருங்கள். உடனே சுறுசுறுப்பாகச் சுற்றினால் பட்டையை மாற்ற வேண்டியதுதான்.

நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது

அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். கார்பரேட்டரைக் கழற்றுவதில் கை முந்திக்கொள்ளும். வேண்டாம். முதலில் ஸ்பார்க்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் வரும் தடித்த ஒயரை உருவி, அதன் முனையை இன்ஜின் இரும்பிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். கையால் அல்ல, துணி மாட்டும் மரக் கிளிப்பால். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. இன்னொருவர் ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது நீலமாக, "சட் சட்" என்று சத்தத்தோடு பொறி பாய வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தாலும், வராமலே போனாலும், கோளாறு பாயிண்ட், கண்டென்சர் (பாயிண்டில் பொறி பறக்காமல் காப்பது), காயில் (பேட்டரி கரண்டை உயர் வோல்ட்டாக்குவது) என்ற மூன்றுக்குள் இருக்கிறது.

டெஸ்ட் லைட்டை எடுங்கள். கிளிப்பைப் பாடியில் கடிக்கவிட்டு, இக்னிஷனைப் போட்டு, ஊசியைக் காயிலுக்குச் சாவியிலிருந்து வரும் முனையில் வையுங்கள். பல்பு எரிய வேண்டும். எரியாவிட்டால் சாவிக்கும் காயிலுக்கும் இடையில்தான் கோளாறு. எரிந்தால் அடுத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் ஊசியை வைத்து இன்ஜினை மெல்லச் சுற்றுங்கள். பாயிண்ட் திறக்கும்போது எரிந்து, மூடும்போது அணைய வேண்டும். எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடியும் தொடவில்லை. கரி பிடித்திருக்கும், அல்லது இடைவெளி கூடியிருக்கும். ஒரு தடவைகூட எரியாவிட்டால் பெரும்பாலும் உள்ளே எங்கோ எர்த் ஆகிறது: சின்ன ஒயரின் தோல் உரிந்து உடம்பில் தொடுகிறது, இல்லையென்றால் கண்டென்சர் உள்ளுக்குள் ஷார்ட். இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொண்டால் நடுரோட்டில் அரை மணி நேரம் மிச்சம்.

பாயிண்டை மெல்லிய உப்புத்தாளால் ஒரு இழுப்பு தேய்த்து, பிறகு வெறும் வெள்ளைத்தாளை நடுவில் விட்டு உருவித் துடையுங்கள். தாளில் கறுப்பு வராத வரை உருவ வேண்டும். இடைவெளி 0.35-லிருந்து 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் இல்லையா? ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம். நாலாக மடித்து அழுத்தி நீவினால் உங்கள் கேஜ் தயார். கேமின் மூக்கு பாயிண்டின் குதிகாலை முழுசாகத் தூக்கியிருக்கும்போது அளக்க வேண்டும். தாள் இறுகாமல் மெல்ல உரசிக்கொண்டு போனால் சரி. பிளக்குக்கு வேறு அளவு: 0.64 மி.மீ., பழைய கணக்கில் 25 தௌ (அங்குலத்தை ஆயிரமாக்கி அதில் 25 பங்கு). கையால் அறுக்கும் ஹாக்ஸா பிளேடின் முதுகு கிட்டத்தட்ட அதே கனம்தான். பல் உள்ள பக்கம் வளைந்து விரிந்திருக்கும், அதை வைத்து அளக்காதீர்கள். பிளக்குக்கு ஹாக்ஸா பிளேடு நிரந்தரமாகவே போதும். பாயிண்டுக்குத் தாள் என்பது வீடு சேர மட்டும். வந்ததும் கேஜ் வைத்துச் சரிபாருங்கள்.

பாயிண்ட் சுத்தமாக இருந்தும், திறக்கும்போது அதன் நடுவே பெரிதாக நீலப்பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. அதே பொருள் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எந்தப் பழைய பாயிண்ட் வண்டியின் கண்டென்சரானாலும் அதன் ஒயரைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் முனையிலும், உடம்பைப் பாடியில் ஒரு திருகிலும் பிடித்துவிட்டால் ஓடும். ஆனால் கெட்டது ஷார்ட் ஆகியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுத்தான் இதை மாட்ட வேண்டும். மூடியைத் திறக்கவே தேவையில்லாத இந்த வேலைக்காக டிக்கியில் ஒரு கண்டென்சர் எப்போதும் இருக்கட்டும்.

காயில் ஒயரில் பொறி நன்றாக வருகிறது, பிளக்கில் வரவில்லை என்றால் ரோட்டாரும் (டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுழலும் துண்டு) மூடியும் பாக்கி. ரோட்டாரை இடத்தில் வைத்துவிட்டு, காயிலின் தடித்த ஒயரை அதன் பித்தளைக்கு அருகே பிடித்து, பாயிண்டை ஸ்க்ரூடிரைவரால் திறந்து மூடுங்கள். பொறி பித்தளைக்குப் பாய்ந்தால் ரோட்டார் உள்ளே ஓட்டை; கரண்ட் தண்டுக்கு இறங்குகிறது. மூடியின் உள்ளே முடி போல ஒரு கறுப்புக்கோடு ஓடினால் அது கரித்தடம். கத்தி முனையால் சுரண்டி எடுத்து, மேலே நகப்பூச்சு தடவிக் காயவிட்டால் வீடு சேரலாம். மூடியின் நடுவில் இருக்கும் கரித்துண்டு தேய்ந்து விழுந்திருந்தால் பழைய டார்ச் கட்டையை உடைத்து, அதன் நடுக்கரியை உப்புத்தாளில் தேய்த்துப் பருமன் குறைத்து வைக்கலாம். சாதாரண கட்டையில்தான் இந்தக் கரி இருக்கும், ஆல்கலைனில் இருக்காது. இதுவும் வீடு சேர மட்டுமே.

பிளக் ஒயர்களைக் கழற்றிக் குழம்பிவிட்டீர்களா? எரியும் வரிசை 1-3-4-2. ஃபேன் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர்.

ஸ்பார்க் எல்லாம் சரி என்ற பிறகுதான் பெட்ரோல். கார்பரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, காயில் ஒயரை உருவி வைத்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். இன்ஜின் சுற்றச் சுற்றத் துடிப்பாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டினால் பம்பின் வடிகட்டி, வால்வு, அல்லது டயாஃப்ரம் (பம்புக்குள் இருக்கும் சவ்வு). கூடவே டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால், டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது. அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். பேரிங் போய்விடும்.

வெயிலில் ஓடி நின்றபின் பிடிக்கவில்லை; ஆறினால் பிடிக்கிறது

சித்திரை வெயிலில் இதைப் பார்க்காத அம்பாசடர்க்காரர் இருக்க முடியாது. எல்லோரும் "வேப்பர் லாக்" என்று முடித்துவிடுவார்கள். இதே அடையாளம் காட்டும் கோளாறுகள் மூன்று, மூன்றையும் பிரித்தறிவது சுலபம்.

பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டேங்கில் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வர மறுக்கிறது. துளையை ஊசியால் குத்திவிட்டால் அத்தோடு தீர்ந்தது. அடுத்து, வண்டி நின்ற அந்தச் சூட்டிலேயே மேலே சொன்ன ஸ்பார்க் சோதனை. சூட்டில் பொறி மெலிந்து, ஆறினால் நன்றாக வந்தால் காயில் அல்லது கண்டென்சர். இரண்டும் இல்லையென்றால்தான் வேப்பர் லாக். பெட்ரோலின் லேசான பாகங்கள் 40 டிகிரிக்குள்ளேயே ஆவியாகத் தொடங்கும். இன்ஜினை ஒட்டியிருக்கும் பம்ப் அந்தச் சூட்டில் ஆவியைத்தான் உறிஞ்சும். பருத்தித் துணியை நனைத்துப் பம்பின் மேலும் பைப்பின் மேலும் சுற்றி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே பத்து நிமிடம் காத்திருங்கள். பைப் எக்ஸாஸ்டை ஒட்டிப் போகிறது என்றால் அதை வளைத்துத் தள்ளிவிட்டு, நடுவில் ஒரு அலுமினியத் தகட்டைத் தடுப்பாகத் திருகிவிடுங்கள். ஈரத்துணி வீடு சேர. தகடு நிரந்தரம்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், டயாஃப்ரம் எதுவும் எத்தனாலை நினைத்துச் செய்தவை அல்ல. ஹோஸை விரலால் மடித்துப் பாருங்கள்; வெடிப்பு தெரிந்தாலோ பிசுபிசுத்தாலோ எத்தனாலுக்கு ஏற்ற ஹோஸாக மாற்றுங்கள். டேங்கில் ஊசித்துளைக் கசிவுக்குச் சலவை சோப்பைத் தேய்த்து அடைக்கும் பழைய வித்தை நன்றாகவே வேலை செய்யும், பெட்ரோலில் சோப்பு சட்டென்று கரையாது. என்றாலும் மழையிலோ டேங்கைக் கழுவினாலோ போய்விடும். ஒர்க்‌ஷாப் வரைக்கும்தான் அது.

கொதிக்கிறது

சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். ஆறட்டும்.

ஹோஸ் வெடித்திருந்தால் ஈரத்தைத் துடைத்துவிட்டு, சைக்கிள் டியூபை நீளவாக்கில் பட்டையாக வெட்டி, நன்றாக இழுத்து இழுத்துப் பல சுற்று சுற்றுங்கள். மேலே கட்டுக்கம்பியை இரட்டையாக இரண்டு சுற்று சுற்றி, இரு முனைகளையும் குறடால் பிடித்து இழுத்தபடி முறுக்கினால் ஹோஸ் கிளிப்புக்குச் சமமாகப் பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய பிறகு மூடியை முழுக்க இறுக்காமல் முதல் பிடியிலேயே விடுங்கள். அழுத்தம் ஏறாது, கட்டும் தாங்கும். நிதானமாக வீடு வரலாம்.

மஞ்சள் தூள் வித்தையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ரேடியேட்டரில் போட்டால் சின்னக் கசிவை அது அடைக்கும், உண்மை. அது கசியும் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது, ஏற்கெனவே உப்புப் படிந்து குறுகியிருக்கும் குழாய்களையும் சேர்த்து அடைக்கும். பிறகு கசியாது, ஆனால் கொதிக்கும். நடுக்காட்டில் வேறு வழியில்லை என்றால் போடுங்கள், வந்ததும் ரேடியேட்டரைக் கழற்றிக் கீழ்வாயிலிருந்து மேலாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவி, ஓட்டையைப் பற்றவையுங்கள்.

தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றி எறிவது நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் பழகிப்போன வழக்கம். நான் ஒப்பமாட்டேன். இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடினால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் இறங்கும், போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேயும். சந்தேகமாக இருந்தால் அதை நூலில் கட்டிப் பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன் மேல் 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிக்கும் முன் நன்றாகத் திறந்துவிட வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் மூடியே இருந்தால் புதிது வாங்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் குறைகிறதா? ஆறிய இன்ஜினில், ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, ரேடியேட்டர் வாயில் பாலித்தீன் கையுறையை ரப்பர் பேண்ட் போட்டு மாட்டுங்கள். ஸ்டார்ட் செய்தவுடன் கையுறை விறுவிறுவென்று ஊதிக்கொண்டால் ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்த காற்று தண்ணீருக்குள் வருகிறது. அரை நிமிடத்துக்கு மேல் ஓட்டத் தேவையில்லை.

ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் தும்முகிறது

எஸ்யூ கார்பரேட்டர் என்றால் மேல் மூடியைத் திருகிக் கழற்றி, டாஷ்பாட்டில் (அதன் கீழே உள்ள ஆயில் குழலில்) ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். வறண்டிருந்தால் மெல்லிய இன்ஜின் ஆயில் ஊற்றினாலே பாதி தும்மல் நின்றுவிடும். பிறகு ஐடிலிங்கில் ஏர் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே தெரியும் பிஸ்டனை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் ஒரு மி.மீ. அளவுக்குத் தூக்குங்கள். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே படுத்துவிட்டால் பெட்ரோல் குறைவு. கொஞ்சம் கூடி மறுபடி பழைய நிலைக்கு வந்தால் சரியான அளவு.

சோலெக்ஸ் வகையில் ஜெட் அடைப்பதுதான் வழக்கம். கழற்றி சைக்கிள் பம்பால் ஊதுங்கள். கம்பி போட்டுக் குத்தாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் பிறகு மைலேஜ் திரும்பாது. குத்தியே ஆக வேண்டுமானால் நைலான் பிரஷ்ஷின் ஒரு முடி.

சார்ஜ் லைட் அணையவில்லை

டைனமோ உள்ள வண்டிக்கு மட்டும் இது. ஆல்டர்னேட்டர் மாற்றியிருந்தால் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். டைனமோவின் இரண்டு ஒயர்களையும் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்து, அதற்கும் பாடிக்கும் நடுவே ஹெட்லைட் பல்பு ஒன்றைப் பிடியுங்கள். ஐடிலிங்கிலிருந்து மெல்ல வேகம் கூட்டினால் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். எரிந்ததும் நிறுத்திவிடுங்கள், மேலே போனால் வோல்ட் தாறுமாறாக ஏறும். எரிந்தால் டைனமோ நல்லது, கட்அவுட் பெட்டியையும் (சார்ஜைக் கட்டுப்படுத்துவது) ஒயரையும் பாருங்கள். எரியாவிட்டால் பிரஷ், கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்பு உருளை). கம்யூட்டேட்டரை உப்புத்தாளால்தான் தேய்க்க வேண்டும், எமரித்தாளின் துகள் நடுவில் தங்கினால் ஷார்ட் ஆகும். செம்புத் தகடுகளுக்கு இடையே மைக்கா மேலேறி நின்றால் ஹாக்ஸா பிளேடின் பக்கங்களைச் சாணையில் தேய்த்து மைக்காவின் அகலத்துக்கு மெலிதாக்கி, முக்கால் மி.மீ. ஆழம் கீறி எடுங்கள். வாங்கக் கிடைக்கும் எந்தக் கருவியும் இதைவிட நன்றாகச் செய்யாது.

நட்டு அசையவில்லை

முதல் காரணம் தவறான ஸ்பேனர். இந்த இன்ஜினின் நட்டுகள் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. முக்கால் அங்குலத்துக்கு 19 மி.மீ. ஸ்பேனர் அச்சாகப் பொருந்தும்; ஐந்து பை எட்டுக்கு 16-ம், ஐந்து பை பதினாறுக்கு 8-ம் அப்படியே. அரை அங்குலம் 12.7 மி.மீ. அதில் 13 போட்டால் நழுவி முனை மழுங்கும். அரை, ஒன்பது பை பதினாறு ஸ்பேனர்களையாவது அங்குலத்தில் வாங்கிவிடுங்கள்.

துருப்பிடித்த நட்டைச் சூடாக்கி, மெழுகுவத்தியை மரையின் ஓரத்தில் தேய்த்தால் உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறியதும் முதலில் சற்று இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். பெட்ரோல் பைப், டேங்க், பிரேக் பக்கம் நெருப்பு கூடாது. அங்கே மண்ணெண்ணெயும் பொறுமையும்தான். ஸ்டட் கழற்ற, இரண்டு நட்டுகளை அதிலேயே ஒன்றோடொன்று இறுக்கி, கீழ் நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்புங்கள்.

பிரேக் மிதி சரியில்லை

இங்கே வீடு சேரும் வித்தை என்று எதுவும் கிடையாது. பைப்பை நசுக்கி அடைப்பது, பிரேக் ஆயில் இல்லையென்று இன்ஜின் ஆயில் ஊற்றுவது எல்லாம் உயிரோடு விளையாடுவது. மினரல் ஆயில் பட்டால் உள்ளிருக்கும் ரப்பர்கள் அத்தனையும் ஊதிப்போகும். வண்டியை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

கைக்கருவிக்கு இடமிருப்பது பிரேக் பைப்பில் சிக்கிய காற்றை எடுப்பதில் மட்டும். மருந்துக்கடையில் புதிய ட்ரிப்ஸ் டியூப் ஒன்று வாங்குங்கள், உள்ளே குமிழி போவது தெளிவாகத் தெரியும். ப்ளீடர் நிப்பிளில் (சக்கரத்தின் பின்னால் காற்றை வெளியேற்றும் திருகு) இறுக மாட்டி, டியூபை ஒரு வளைவு மேலே தூக்கி, மறுமுனையைப் பிரேக் ஆயில் கொஞ்சம் உள்ள பாட்டிலில் மூழ்கவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்கி, நடுநடுவே மேலே ஆயிலை நிரப்பிக்கொண்டு, குமிழி நிற்கும் வரை நிப்பிளைத் தளர்த்தி, மிதியை மிதிக்கச் சொல்லி, காலை எடுக்கும் முன் மறுபடி இறுக்குங்கள். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்துவிடும்.

முடித்ததும் மிதியை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் இன்னும் காற்று. இரண்டு மூன்று தடவை மிதித்த பிறகு மேலே வந்தால் ஷூ அட்ஜஸ்ட்மென்ட். கெட்டியாக நின்றால் ஒரு நிமிடம் காலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்காவது ஆயில் கசிகிறதா என்று நான்கு சக்கரமும் பாருங்கள். எங்கும் ஈரமில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. அதை மாற்றும் வரை வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரக் கூடாது.